ஃபிளாஸ்க், எக்ஸ்பிரஸ், ஃபாஸ்ட்ஏபிஐ, ஜின்: அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்பது எப்படி

சின்ன பேக்எண்ட் ஃபிரேம்வொர்க்குகளை, அதாவது சர்வர் பக்க நிரல் எழுத உதவும் கட்டமைப்புகளை, ஒப்பிடும் கட்டுரைகள் பெரும்பாலும் விநாடிக்கு எத்தனை ரிக்வெஸ்ட் என்ற கணக்கோடு தொடங்கி அதோடே முடிந்துவிடுகின்றன. 'ஹலோ வேர்ல்டு' என்று மட்டும் பதில் சொல்லும் சர்வரில் எடுத்த அளவு அது. நிஜ வேலையில் நம் நேரத்தை விழுங்குவது வேறு. ஏதாவது உடையும்போது ஃபிரேம்வொர்க் அதை எப்படிச் சொல்கிறது, சொல்கிறதா இல்லையா என்பதில்தான் பொழுது போகிறது. எந்த வகைத் தகவல் என்று சொல்லும் கன்டென்ட்-டைப் ஹெட்டரைச் சரியாகப் போட மறந்து ஒரு ஜேசன் தகவலை அனுப்பிப் பாருங்கள். இன்றைய ஃபிளாஸ்க் 415 என்ற பிழை எண்ணோடு முகத்துக்கு நேரே மறுக்கும். ஃபாஸ்ட்ஏபிஐ 422 தந்து காரணமும் எழுதும். எக்ஸ்பிரஸ் 4 காலி ஆப்ஜெக்டைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். தவறு ஒன்றுதான், தேட வேண்டிய இடம் மூன்று.

பைதான் மொழியின் ஃபிளாஸ்க்கை ஆர்மின் ரோனாகரும், ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட்டுக்கான எக்ஸ்பிரஸை டிஜே ஹோலோவேசக் என்பவரும் வெளியிட்டது 2010-இல். கோ மொழியின் ஜின் 2014-இல் வந்தது. செபாஸ்டியன் ராமிரெஸின் ஃபாஸ்ட்ஏபிஐ, அதுவும் பைதானுக்கானது, 2018-இல். நான்கும் கொஞ்சமாகக் கொடுத்து மீதியை நம்மிடம் விடுபவை. ஜாங்கோ, ரெயில்ஸ் போன்ற பெரிய ஃபிரேம்வொர்க்குகளைப் போலப் பயனர் கணக்கு, டேட்டாபேஸ், படிவச் சோதனை எல்லாவற்றையும் கட்டித் தருவதில்லை. எதை நம்மிடம் விட்டார்களோ அங்கேதான் பிழை முளைக்கிறது. அதனால் கீழே உள்ளதை ஒப்பீடாகவும் படிக்கலாம்.

தேடத் தொடங்கும் முன் ஒரு வழக்கம்: பிரவுசரை ஒதுக்கிவிட்டு, டெர்மினலில் கர்ல் என்ற கட்டளை கொண்டு அதே ரிக்வெஸ்டை அனுப்புங்கள். ஹெட்டர்களையும் காட்டச் சொல்லுங்கள். பக்கத்திலேயே சர்வர் லாக் திறந்திருக்கட்டும். லாகில் ஒரு வரிகூட விழவில்லை என்றால் ரிக்வெஸ்ட் உங்கள் கோடு வரை வரவே இல்லை. அப்போது கோடைத் தோண்டுவது வீண்.

## சர்வர் ஓடுகிறது என்கிறது, ஆனால் இணைப்பே கிடைக்கவில்லை

சொந்த லேப்டாப்பில் ஓடியது, டாக்கர் கன்டெய்னருக்குள் (ஆப்பைத் தனியே அடைத்து ஓட்டும் பெட்டி) வைத்ததும் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் முதலில் முகவரியைப் பாருங்கள். ஃபிளாஸ்க்கின் டெவலப்மென்ட் சர்வர் 127.0.0.1 முகவரியில் 5000 போர்ட்டில் கேட்கும். ஃபாஸ்ட்ஏபிஐயை ஓட்டும் சர்வரான யுவிகார்ன் அதே முகவரியில் 8000. கன்டெய்னருக்குள் 127.0.0.1 என்றால் அந்தக் கன்டெய்னர் மட்டும்தான். வெளியிலிருந்து வருவதற்கு அங்கே கதவு கிடையாது. ஹோஸ்டை 0.0.0.0 என்று கொடுத்தால் தீர்ந்தது. எக்ஸ்பிரஸில் ஹோஸ்ட் சொல்லாமல் லிசன் போட்டாலே எல்லா முகவரிகளிலும் கேட்கும், ஜினும் அப்படித்தான். எக்ஸ்பிரஸிலிருந்து ஃபாஸ்டிஃபை என்ற இன்னொரு நோட் ஃபிரேம்வொர்க்குக்கு மாறியவர்கள் இந்த இடத்தில் நிச்சயம் இடறுவார்கள், ஏனென்றால் ஃபாஸ்டிஃபை லோக்கல்ஹோஸ்டில் மட்டும் கேட்கும். பாதுகாப்பு நோக்கில் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

மேக்கில் 5000 போர்ட்டுக்குப் போனால் 403 வருகிறதா? உங்கள் ஃபிளாஸ்க் லாகில் எதுவும் இருக்காது. 2021-இல் வந்த மான்டரே பதிப்பிலிருந்து ஏர்பிளே ரிசீவர் அந்தப் போர்ட்டைப் பிடித்துக்கொள்கிறது. வேறு போர்ட் கொடுங்கள், அல்லது செட்டிங்ஸில் ஏர்பிளே ரிசீவரை அணையுங்கள்.

இன்னொன்று, நோட் பக்கத்திலிருந்து பைதான் சர்வரை 'லோக்கல்ஹோஸ்ட்' என்று அழைக்கும்போது வரும் மறுப்பு. நோட் 17-இலிருந்து அந்தப் பெயருக்கு ஐபிவி6 முகவரி முதலில் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளும். பைதான் சர்வரோ ஐபிவி4-இல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். நோட் 20-இல் இரண்டையும் முயன்று பார்க்கும் வசதி இயல்பாகவே வந்துவிட்டது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் 127.0.0.1 என்று எண்ணாகவே எழுதிவிடுங்கள்.

## அனுப்பிய தகவல் காலியாக வருகிறது, அல்லது 422 வருகிறது

எக்ஸ்பிரஸில் ரிக்வெஸ்டோடு வந்த தகவலான 'பாடி' அன்டிஃபைன்டு என்றால் ஜேசனைப் படிக்கும் மிடில்வேரை (ரிக்வெஸ்ட் கடந்துவரும் இடைப்படி) சேர்க்கவில்லை, அல்லது ரூட்டுக்கு (ஒரு முகவரிக்குப் பதில் சொல்லும் பகுதி) கீழே சேர்த்திருக்கிறீர்கள். எக்ஸ்பிரஸ் மேலிருந்து கீழாகப் போகும். ரூட்டுக்குப் பின்னால் வைத்த மிடில்வேர் அந்த ரூட்டுக்கு இல்லாத மாதிரிதான். மிடில்வேர் சரியான இடத்தில் இருந்தும் காலி என்றால் அனுப்புபவரின் கன்டென்ட்-டைப்பைப் பாருங்கள். எக்ஸ்பிரஸ் 5-இல் இந்த நிலையில் காலி ஆப்ஜெக்டுக்குப் பதில் அன்டிஃபைன்டு கிடைக்கும். குறைந்தது அங்கே உடனே உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

சின்னத் தகவல் போகிறது, பெரியது 413 தருகிறது என்றால் இரண்டு சந்தேக நபர்கள். எக்ஸ்பிரஸின் ஜேசன் மிடில்வேர் 100 கேபி வரைதான் ஏற்கும். ஆப்புக்கு முன்னால் நின்று ரிக்வெஸ்டை வாங்கிக் கொடுக்கும் ப்ராக்ஸி சர்வரான என்ஜின்எக்ஸ் 1 எம்பி வரை. பதிலின் அடியில் என்ஜின்எக்ஸ் என்ற பெயர் இருந்தால் அது அங்கேயே நின்றுவிட்டது.

ஃபாஸ்ட்ஏபிஐயின் 422-ஐப் பார்த்துப் பலர் எரிச்சல்படுகிறார்கள். எனக்கு இந்த நான்கில் மிகவும் பிடித்த பிழைச் செய்தி அதுதான். ஸ்டேட்டஸ் எண்ணோடு நிறுத்தாமல் பதிலின் உள்ளே 'டீடெயில்' என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பிழைக்கும் 'லோக்' என்று ஒரு இடக்குறிப்பு இருக்கும். அதன் முதல் சொல் 'பாடி' என்றால் பாடியில் குறை, 'குவெரி' என்றால் யூஆர்எல்லின் கேள்விக்குறிக்குப் பின்னால் எதிர்பார்க்கிறது. பாடியில் அனுப்பிய தகவலுக்கு 'குவெரி' என்று குறிப்பு வந்தால், ஃபங்ஷனில் அந்தப் பெயரை வெறும் எண்ணாகவோ சரமாகவோ அறிவித்திருக்கிறீர்கள். தகவலின் வடிவத்தைச் சோதிக்கும் பைடான்டிக் நூலகத்தின் மாடலாக அறிவித்தால் அது பாடியில் தேடும்.

பதிப்பு ஏற்றிய மறுநாளே 422 கொட்டத் தொடங்கினால் பைடான்டிக் 2-ஐச் சந்தேகியுங்கள். 2023-இல் வந்த அந்தப் பதிப்பில் 'ஆப்ஷனல்' என்று குறித்த புலத்துக்கு 'நன்' (None, மதிப்பு ஏதும் இல்லை) என்ற இயல்பு மதிப்பு தானாக ஒட்டுவதில்லை. முதல் பதிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் பழைய மொபைல் ஆப் அனுப்பாமல் விட்ட புலமெல்லாம் இப்போது கட்டாயப் புலம். தேடி ஒவ்வொன்றுக்கும் இயல்பு மதிப்பை வெளிப்படையாக எழுதுங்கள். வேறு சுருக்குவழி இல்லை.

ஜினில் இதே குடும்பத்துச் சிக்கல் வேறு உருவத்தில் வரும். ஒரு பொருளின் இருப்பு எண்ணிக்கையை 0 என்று அனுப்புகிறீர்கள், 'ரிக்வயர்டு' விதியில் தோற்றது என்று 400 வருகிறது. கோ மொழியில் அனுப்பாத எண்ணும் 0, அனுப்பிய 0-வும் 0. சோதிப்பானுக்கு இரண்டும் ஒன்றே. ஃபால்ஸ் என்ற மதிப்புக்கும் இதே கதி. அந்தப் புலத்தைப் பாயின்டராக மாற்றினால் அனுப்பாததற்கு 'நில்' (nil, வெறுமை), அனுப்பியதற்கு 0 என்று பிரிந்துவிடும். பிழையே வராமல் புலம் மட்டும் காலி என்றால் ஸ்ட்ரக்டில் அதன் பெயர் சிறிய எழுத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். அப்படிப்பட்ட புலத்தை ஜேசன் நூலகம் தொடவே தொடாது, புகாரும் சொல்லாது. கூடவே, 'ஷுட்பைண்ட்ஜேசன்' திருப்பித் தரும் எரரைக் கவனிக்காமல் விட்டிருக்கிறீர்களா என்றும் பார்த்துவிடுங்கள்.

## போஸ்ட்மேனில் வருகிறது, பிரவுசரில் கார்ஸ் பிழை

கார்ஸ் என்பது ஒரு தளத்தின் பக்கம் வேறு தளத்தின் பதிலைப் படிக்கலாமா என்று பார்க்கும் பிரவுசரின் காவல். கர்லும் போஸ்ட்மேனும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பிரவுசர் கார்ஸ் என்று சொன்னதாலேயே கோளாறு கார்ஸில் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஃபாஸ்ட்ஏபிஐயில் பிடிபடாத எக்செப்ஷன் ஒன்று வெடித்தால் வெளியே போகும் 500 பதில் கார்ஸ் மிடில்வேரைத் தாண்டிய அடுக்கில் உருவாகிறது. அந்தப் பதிலில் கார்ஸ் ஹெட்டர் இருக்காது. பிரவுசருக்குத் தெரிவது ஹெட்டர் இல்லை என்பது மட்டும். நீங்கள் அனுமதித்த தளங்களின் (ஆரிஜின்) பட்டியலை மாற்றி மாற்றிப் பார்ப்பீர்கள், உண்மையில் டேட்டாபேஸ் அட்டவணையில் ஒரு நெடுவரிசை இல்லாமல் போயிருக்கும். முதலில் லாக், பிறகு கார்ஸ்.

லாகில் 500 இல்லை, ஆப்ஷன்ஸ் ரிக்வெஸ்டுக்கு 401 போயிருக்கிறது என்றால் உள்நுழைவைச் சோதிக்கும் மிடில்வேர் கார்ஸுக்கு முன்னால் நிற்கிறது. உண்மையான ரிக்வெஸ்டுக்கு அனுமதி கேட்டு பிரவுசர் முன்கூட்டி அனுப்பும் ஆப்ஷன்ஸில் டோக்கன் இருக்காது. எக்ஸ்பிரஸிலும் ஜினிலும் கார்ஸை மேலே ஏற்றுங்கள். ஃபாஸ்ட்ஏபிஐயில் கடைசியாகச் சேர்த்த மிடில்வேர்தான் வெளிப்புறம் நிற்கும், ஆகவே அங்கே கடைசியில் சேர்க்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் மறந்தால் அரை நாள் போய்விடும். குக்கியோடு அனுப்பும்போது ஆரிஜின் இடத்தில் நட்சத்திரக் குறி செல்லாது, முழு முகவரியை எழுத வேண்டும்.

## ரிக்வெஸ்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது

எக்ஸ்பிரஸ் 4-இல் ஏசிங்க் ஃபங்ஷனுக்குள் (காத்திருக்கும் வேளையில் வேறு வேலைக்கு இடம்விடும் ஃபங்ஷன்) ஒரு பிழை எழுந்தால் ஃபிரேம்வொர்க்குக்குத் தெரியாது. யாரும் பதில் அனுப்பாததால் பிரவுசர் காத்துக்கிடக்கும். நோட் 15-இலிருந்து, ஏசிங்க் வேலையில் எழுந்து யாரும் பிடிக்காத இத்தகைய பிழை (பிராமிஸ் மறுப்பு) புராசஸையே வீழ்த்திவிடும். அதனால் சில இடங்களில் தொங்குவதாகவும் சில இடங்களில் சர்வர் செத்து எழுவதாகவும் ஒரே பிழை தெரியும். 2024-இல் வந்த எக்ஸ்பிரஸ் 5 இந்த மறுப்பைத் தானே பிடித்துப் பிழை கையாளும் ஃபங்ஷனிடம் கொடுக்கிறது. அந்த ஃபங்ஷனுக்கு நான்கு ஆர்கியுமென்ட் இருக்க வேண்டும். மூன்று எழுதினால் எக்ஸ்பிரஸ் அதைச் சாதாரண மிடில்வேர் என்று எடுத்துக்கொள்ளும், பிழை அதன் பக்கமே போகாது. 'நெக்ஸ்ட்' அழைக்க மறந்த மிடில்வேரும் இதே போலத் தொங்கவைக்கும்.

ஃபாஸ்ட்ஏபிஐயில் கதை வேறு. ஒரு ரூட் மெதுவானது, அது புரிகிறது. ஆனால் அதோடு சேர்ந்து எல்லா ரூட்டும் ஏன் மெதுவாகிறது? இதை ஊகிக்காமல் சோதித்தே பார்க்கலாம். 'சரி' என்று மட்டும் பதில் தரும் ஏசிங்க் ரூட் ஒன்றைச் சேருங்கள். ஒரு டெர்மினலில் மெதுவான ரூட்டை அழைத்துவிட்டு, அது முடியும் முன் இன்னொரு டெர்மினலில் 'சரி' ரூட்டை அழையுங்கள். பதில் உடனே வந்தால், ஏசிங்க் வேலைகளை மாறிமாறி ஓட்டும் ஈவென்ட் லூப் நலம். முதல் ரிக்வெஸ்ட் முடியும் வரை இதுவும் காத்திருந்தால், 'ஏசிங்க் டெஃப்' என்று எழுதிய ஃபங்ஷனுக்குள் காத்திருக்கத் தெரியாத ஒன்றை வைத்திருக்கிறீர்கள். ரிக்வெஸ்ட்ஸ் நூலகம், டைம் ஸ்லீப், சாதாரண டேட்டாபேஸ் டிரைவர் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ரேஷன் கடையில் பில் போடுபவர் ஒருவரே, அவரே குடோனுக்குள் போய் மூட்டையும் எடுத்து வந்தால் வரிசை நகராது, அப்படித்தான் இது.

இப்போது அந்த ஃபங்ஷனிலிருந்து 'ஏசிங்க்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். 'சரி' உடனே வரும். சாதாரண 'டெஃப்' ஃபங்ஷன்களை ஃபாஸ்ட்ஏபிஐயின் அடியில் இருக்கும் ஸ்டார்லெட் நூலகம் தனி த்ரெட்டுகளுக்கு அனுப்பிவிடுகிறது, இயல்பாக 40 வரை. ஏசிங்க் என்று எழுதினாலே வேகம் கூடும் என்ற எண்ணம் இங்கே நேர்மாறாக வேலை செய்கிறது. அவெயிட் செய்யக்கூடிய நூலகம் கையில் இல்லாவிட்டால் 'டெஃப்' போதும்.

இதே சோதனையை ஃபிளாஸ்க்கில் செய்தால் ஒரு விசித்திரம் தெரியும். டெவலப்மென்ட் சர்வரில் 'சரி' உடனே வரும், ஏனென்றால் அது ரிக்வெஸ்டுக்கு ஒரு த்ரெட் திறக்கிறது. நிஜ சர்வரில் ஃபிளாஸ்க்கை ஓட்டும் குனிகார்னில் எதுவும் சொல்லாமல் ஓட்டினால், ஒரு நேரத்தில் ஒரு ரிக்வெஸ்டைக் கவனிக்கும் சிங்க் வொர்க்கர் (வேலை செய்யும் புராசஸ்) ஒன்றே ஒன்றுதான், ஆகவே காத்திருக்கும். வீட்டில் சரியாக ஓடியது சர்வரில் தேங்குகிறது என்ற புகார்களில் கணிசமானவை இதுதான். ஃபிளாஸ்க் 2.0-இல் ஏசிங்க் ரூட் எழுத வழி வந்தாலும், ஒரு ரிக்வெஸ்ட் ஒரு வொர்க்கரைப் பிடித்துவைப்பது மாறவில்லை. ஜினில் ஒவ்வொரு ரிக்வெஸ்டும் தனி கோரூட்டினில் (கோ மொழியின் இலகுவான த்ரெட்) ஓடுவதால் இந்தச் சோதனை எளிதில் தேறும். எக்ஸ்பிரஸில், அவெயிட் செய்த வேலைகள் தடுக்காது. கோப்பை 'சிங்க்' வடிவில் படிப்பதும் பிரம்மாண்டமான ஜேசனைப் பிரிப்பதும் தடுக்கும்.

## சில சமயம் லாகின் இருக்கிறது, சில சமயம் இல்லை

பேஜைப் புதுப்பித்தால் உள்ளே இருக்கிறீர்கள், மறுபடி புதுப்பித்தால் வெளியே. லாகில் பிழை ஒன்றுமில்லை. பயனர்கள் புகார் சொன்னால் அவர்கள் பிரவுசர் மேல் பழி விழும்.

ஃபிளாஸ்க்கில் செஷன் குக்கியில் கையெழுத்திடும் சீக்ரெட் கீயை எங்கே உருவாக்குகிறீர்கள் என்று பாருங்கள். ஆப் தொடங்கும்போது யதேச்சையாக உருவாக்கும் வரி இருந்தால் அங்கேயே நில்லுங்கள். குனிகார்னில் நான்கு வொர்க்கர் என்றால் ஒவ்வொன்றும் ஆப்பைத் தனியாக ஏற்றும். எனவே நான்கு கீ. முதல் வொர்க்கர் கையெழுத்திட்ட குக்கி மூன்றாம் வொர்க்கரிடம் போகிறது, கையெழுத்து ஒத்துவரவில்லை. அப்போது ஃபிளாஸ்க் பிழை எழுப்பாது. காலி செஷன் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு வேலையைத் தொடரும். ஆகவே உங்கள் கோடுக்குத் தெரிவது லாகின் செய்யாத ஒருவர். வொர்க்கர் எண்ணிக்கையை 1 ஆக்கிப் பாருங்கள். பிரச்சினை மறைந்தால் உறுதி. லாகில் புராசஸ் எண்ணையும் சேர்த்து எழுதினால் எந்த வொர்க்கரில் தோற்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். தீர்வு, கீயை என்விரான்மென்ட் வேரியபிளில் நிலையாக வைப்பது.

மற்றவற்றில் இதே அறிகுறிக்கு வேர் வேறு. எக்ஸ்பிரஸின் செஷன் நூலகம் இயல்பாக மெமரியில் சேமிக்கிறது. புரொடக்‌ஷனுக்கு ஆகாது என்று அதுவே எச்சரிக்கும், அந்த வரியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறோம். எல்லாப் புராசஸும் பார்க்கக்கூடிய ரெடிஸ் போன்ற பொதுச் சேமிப்பிடத்துக்கு மாற்றுங்கள். ஃபாஸ்ட்ஏபிஐயில் பெரும்பாலும் கோப்பின் மேலே அறிவித்த ஒரு டிக்‌ஷனரி குற்றவாளி, ஒவ்வொரு வொர்க்கருக்கும் அதில் ஒரு பிரதி.

ஜின் ஒரே புராசஸில் எல்லாக் கோர்களையும் பயன்படுத்துவதால் இந்தத் தொல்லை தள்ளிப்போகும். அதற்குப் பதில் கொடுக்கும் விலை கடுமையானது. பொதுவான மேப் ஒன்றில் இரண்டு கோரூட்டின்கள் ஒரே நேரத்தில் எழுதினால் 'கன்கரண்ட் மேப் ரைட்ஸ்' என்று சொல்லிவிட்டு புராசஸ் இறந்துவிடும். ஜினின் ரிகவரி மிடில்வேர் பேனிக் எனும் கோ பிழையைப் பிடிக்கும், இதைப் பிடிக்க முடியாது. ஹேண்ட்லருக்குள் நீங்களே தொடங்கிய கோரூட்டினில் எழும் பேனிக்கையும் அது பிடிக்காது. ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் எழுதவிடும் மியூடெக்ஸ் பூட்டைப் போடுங்கள். சோதிக்கும்போது கோவின் ரேஸ் டிடெக்டரை இயக்கி ஓட்டுங்கள்.

## யூஆர்எல்லின் கடைசியில் ஒரு சாய்கோடு (/) இருந்தால் வருகிறது, இல்லாவிட்டால் இல்லை

ஃபிளாஸ்க்கில் சாய்கோட்டோடு அறிவித்த ரூட்டைச் சாய்கோடில்லாமல் அழைத்தால் திசைமாற்றும், சாய்கோடில்லாமல் அறிவித்ததைச் சாய்கோட்டோடு அழைத்தால் 404. ஃபாஸ்ட்ஏபிஐ இரு பக்கமும் 307 கொடுத்து மாற்றிவிடும். வசதிதான், ஆனால் முன்னால் எச்டிடிபிஎஸ் தாங்கும் என்ஜின்எக்ஸ் இருந்து, யுவிகார்ன் அதை நம்பாவிட்டால், திசைமாற்றும் முகவரி வெறும் எச்டிடிபியாகப் போகும். பிரவுசர் அதைத் தடுத்துவிடும். யுவிகார்ன் இயல்பாக 127.0.0.1-இலிருந்து வரும் ப்ராக்ஸி ஹெட்டர்களை மட்டுமே நம்பும், என்ஜின்எக்ஸ் வேறு கன்டெய்னரில் இருந்தால் அதன் முகவரியைச் சொல்லித்தர வேண்டும். இதே வேலைக்கு ஃபிளாஸ்க்கில் ப்ராக்ஸிஃபிக்ஸ், எக்ஸ்பிரஸில் 'டிரஸ்ட் ப்ராக்ஸி'. ஜின் மட்டும் இயல்பாக எல்லா ப்ராக்ஸியையும் நம்புகிறது. அது ஆபத்து, யார் வேண்டுமானாலும் தன் ஐபி முகவரியை மாற்றிச் சொல்லலாம். பட்டியலைச் சுருக்கிவிடுங்கள்.

## 502, 504

என்ஜின்எக்ஸிடமிருந்து 502 வந்து, குனிகார்ன் லாகில் 'வொர்க்கர் டைம்அவுட்' இருந்தால் 30 விநாடி வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். 504 என்றால் என்ஜின்எக்ஸ் தன் 60 விநாடியைக் காத்துப் பார்த்துவிட்டது. வரம்பை ஏற்றுவது தற்காலிகம். அறிக்கை தயாரித்தல், மின்னஞ்சல் அனுப்புதல் போன்றவற்றைப் பின்னணி வேலையாக வெளியே எடுங்கள்.

## எல்லாமே சரி, கூட்டம் வந்தால் மட்டும் விழுகிறது

ஃபிரேம்வொர்க்கை மாற்றலாமா என்ற பேச்சு இந்தக் கட்டத்தில்தான் எழும். அதற்கு முன் ஒரு பெருக்கல். பைதானின் டேட்டாபேஸ் நூலகமான எஸ்க்யூஎல்ஆல்கெமி ஒரு புராசஸுக்கு 5 இணைப்புகளை வைத்திருக்கும், நெருக்கடியில் மேலும் 10 திறக்கும். 8 வொர்க்கர் என்றால் 120 வரை போகலாம். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் ஏற்கும் இணைப்புகளின் இயல்பு வரம்பு 100. அதனால் வொர்க்கர் கூட்டக் கூட்ட நிலைமை மோசமாகி, 'டூ மெனி கிளையன்ட்ஸ்' என்று போஸ்ட்கிரஸ் கதவைச் சாத்தும். மாறாக 'க்யூபூல் லிமிட்' என்ற பிழை, சரியாக 30 விநாடி காத்திருந்த பிறகு வந்தால், எடுத்த இணைப்பை எங்கோ திருப்பித் தராமல் விடுகிறீர்கள். பிழை எழும் பாதையில் செஷனை மூடும் வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இந்த நிலையில் ஃபிளாஸ்க்கை எறிந்துவிட்டு ஜினுக்குப் போனாலும் அதே 100-இல்தான் போய் முட்டுவீர்கள்.

ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் டேட்டாபேஸில் கழிந்த நேரத்தையும் மொத்த நேரத்தையும் தனித்தனியே லாகில் எழுதிவைத்துப் பாருங்கள். மொத்தத்தில் பெரும்பங்கு டேட்டாபேஸ் என்றால் இன்டெக்ஸ் பக்கம் போங்கள். வெளி ஏபிஐகளுக்காகக் காத்திருப்பதுதான் பெரும்பங்கு, ஆப்பும் ஃபிளாஸ்க்கில் இருக்கிறது என்றால் குவார்ட் ஒரு நல்ல வழி. ஃபிளாஸ்க் எழுதும் அதே பாணியில், ஏசிங்க் அடிப்படையில் கட்டியது, பெரும்பகுதி கோடைத் தக்கவைத்துக்கொள்ளலாம். கணக்கிடும் வேலையே சிபியுவைத் தின்கிறது என்று அளவு காட்டினால், அந்த ஒரு ரூட்டை மட்டும் பிரித்து கோ மொழியில் எழுதி, என்ஜின்எக்ஸில் அந்தப் பாதையை அங்கே திருப்பிவிடுங்கள். எக்ஸ்பிரஸ் 4-இல் தொங்கல்களோடு போராடுபவர்கள் ஃபாஸ்டிஃபைக்குத் தாவும் முன் 5-ஐ ஏற்றிப் பார்க்கலாம். நட்சத்திரக் குறி மட்டும் வைத்த ரூட்டுகள் அங்கே தொடக்கத்திலேயே பிழை காட்டும், அவற்றுக்கு ஒரு பெயர் சேர்த்தால் சர்வர் எழுந்துவிடும்.